கிராங்க் சென்சார் மாற்றியும் நடுரோட்டில் நிற்கும் கார்: ஒர்க்‌ஷாப்பிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய டீசல் கார். இன்ஜின் சூடானால் ஓட்டத்திலேயே அணைந்துவிடும். ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும். கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் (இன்ஜின் சுழலும் வேகத்தையும் நிலையையும் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) போய்விட்டது என்று மாற்றி 7,200 ரூபாய் வாங்கினார்கள். பத்தே நாளில் அதே கோளாறு. இப்போது வயரிங் மாற்ற 26,000 கேட்கிறார்கள். வேண்டாம் என்றால், வண்டி நின்ற நாட்களுக்கு வாடகை கட்டிவிட்டுச் சாவி வாங்கிக்கொள் என்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் சாவி. செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இடம் தருகிறது. நீங்கள்தான் 7,200-ஐக் கட்டிவிட்டீர்களே! பேசாத வாடகைக்கு அந்தப் பிரிவு உதவாது. வண்டி அவசரம் என்றால், பில்லிலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் 7,200. பார்ட் மாற்றியும் சரியாகவில்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகாது. ஸ்கேனரில் பி0335 என்ற கோளாறு எண் வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். சென்சாராக இருக்கலாம், கனெக்டராக இருக்கலாம், இன்ஜினில் உரசித் தேய்ந்த வயராகவும் இருக்கலாம். வயரைச் சோதிக்காமலே சென்சாரைக் கழற்றினார்களா என்பதுதான் உங்கள் வழக்கு. அதைக் காட்டிவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(11) பிரிவுப்படி குறைபாடு என்று வலுவாக வாதாடலாம்.

ஆகவே ஜாப் கார்டு (வண்டியின் புகாரையும் செய்த வேலையையும் ஒர்க்ஷாப் எழுதும் தாள்), ஸ்கேன் ரிப்போர்ட், பழைய சென்சார் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பழைய சென்சார் காயில் (கம்பிச் சுருள்) வகை என்றால் அதன் மின்தடையைச் சூடாக்கியும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய நிலையில் கெட்டதுகூட நல்லதாகக் காட்டும். வேறு மெக்கானிக்கிடம் போனால், தேய்ந்த வயரின் மேல் டேப் சுற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, அவரிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். ரிப்பேர் முடிந்த பிறகு ஆதாரம் தேடுவது பெரும்பாடு, தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதியுங்கள். பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒர்க்‌ஷாப் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பில்லில் ‘சென்சார் மாற்றம்’ என்று மட்டும் இருக்கிறது. கம்பெனி பெயரோ பார்ட் நம்பரோ இல்லை. மாட்டியது ஒரிஜினல்தானா, வாரன்டி எத்தனை மாதம் என்பதையும் நோட்டீஸிலேயே கேட்டுவிடுங்கள்.