மேக்னடாரின் எக்ஸ் கதிர் மின்னல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இரு நியூட்ரான் விண்மீன்கள் (பெருவிண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கருக்கள்) இணைந்தால் கருந்துளைதானே மிஞ்சும்?

பதில்: எப்போதும் அப்படியில்லை. சில வேளை மேக்னடார், அதாவது மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், மிஞ்சலாம். ஜே0740+6620 என்ற பல்சார் (சுழன்றபடி துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) சுமார் 2.08 சூரிய நிறையைத் தாங்கி நிற்கிறது. இணைந்து பிறப்பது மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுழன்றால் அதைவிடக் கூடுதல் நிறையும் தாங்கும். சுழற்சி தணிந்ததும் சிலது சரிந்துவிடும். நிறை குறைந்தது நிலைக்கும்.

கேள்வி: எக்ஸ் கதிருக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பதில்: மேக்னடாரின் சுழற்சியிலிருந்து. அதில் இருப்பது, சூரியன் 1,000 கோடி ஆண்டுகளில் உமிழும் ஆற்றலைப் போல் சுமார் 20 மடங்கு. காந்தப்புலம் அதை வெளியே இழுக்கிறது. புலம் இருமடங்கானால் சுழற்சி தணியும் காலம் நாலில் ஒன்றாகும்.

கேள்வி: என் ஒளி வரைவு (நேரத்துக்கு ஏற்ப ஒளி மாறுவதைக் காட்டும் படம்) முதலில் சமமாக நின்று, பிறகு 1.3 சாய்வில், அதாவது நேரத்தின் 1.3 அடுக்குக்கு ஏற்ப, இறங்குகிறது. கோட்பாடு 2 என்கிறதே, இது மேக்னடார் இல்லையா?

பதில்: அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். தணியும் காலத்துக்குச் சமமான நேரம் கடந்தபோது ஒளி நாலில் ஒன்றாகக் குறைந்திருக்கும். அங்கே சாய்வு 1 மட்டுமே. இருமடங்கு நேரத்தில் 1.33. ஒன்பது மடங்கு காத்திருந்தால்தான் 1.8. அப்போது ஒளி நூறில் ஒரு பங்கு. பெரும்பாலும் பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே நேர்கோடுகளை ஒட்டாமல், சுழற்சி தணியும்போது ஒளி எப்படிக் குறையும் என்று சொல்லும் வாய்பாட்டையே முழு வரைவுக்கும் பொருத்துங்கள். தொடக்க நேரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்; அதைத் தவறாக வைத்தால் சாய்வும் தவறாகவே வரும். சமதளம் முடிந்ததும் சாய்வு 3-ஐத் தாண்டிச் செங்குத்தாக விழுந்தால், கருந்துளையாகச் சரிந்தது என்பதே முதல் சந்தேகம்.

கேள்வி: நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

பதில்: சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி 2015 மார்ச் 22 அன்று பதிந்த சி.டி.எஃப்-எஸ் எக்ஸ்.டி.2 என்ற எக்ஸ் கதிர் மின்னல். சுமார் 2,000 விநாடி ஏறக்குறைய சமமாக நின்று, பிறகு 2.2 அளவுச் சாய்வில் இறங்கியது. தொலைவு சுமார் 660 கோடி ஒளியாண்டு. பொருத்தம் அருமை, ஆனால் ஈர்ப்பலைச் சான்று (இணைவு வெளியில் எழுப்பும் அதிர்வின் பதிவு) இல்லை. ஆகவே இதை வலுவான வேட்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும், நிரூபணம் என்றல்ல.

கேள்வி: 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் இணைவில் ஈர்ப்பலை இருந்ததே?

பதில்: இருந்தது. ஆனால் எக்ஸ் கதிர் ஒன்பது நாள் கழித்தே தெரிந்தது. அது, இணைவு வீசிய தாரையை (பீறிட்டுப் பாயும் பொருளை) பக்கவாட்டில் பார்த்தபோது தெரிந்த பின்னொளி. எனவே அது மேக்னடாருக்குச் சான்றாகாது.

கேள்வி: இனி எதை நம்பலாம்?

பதில்: 2024 ஜனவரி 9 அன்று ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் புரோப் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள், சுமார் 3,600 சதுர பாகை வானத்தை 0.5–4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரேசமயம் பார்க்கிறது. அதன் எச்சரிக்கை வந்ததும் முதலில் அந்த இடத்தில் சிவப்புக் குறுவிண்மீன் (சிறிய, மங்கிய விண்மீன்) இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் வெடிப்பொளி அடிக்கடி ஏமாற்றும்.