சபையில் ஜெபம்: வெளியே போய் நிற்க வேண்டியவர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் சட்டமன்றக் கூட்டங்கள் பிரார்த்தனையோடு தொடங்குவதை எதிர்த்துச் சிலர் ஓயாமல் வழக்குப் போடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் இயேசுவின் பெயரால் ஜெபிப்பதில் என்ன தவறு? பிடிக்காதவர்கள் இரண்டு நிமிடம் வெளியே போய் நிற்கலாமே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பிரார்த்தனையோடு அவை தொடங்கும் வழக்கத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடை செய்யவில்லை, இரண்டு முறை அதற்குச் சாதகமாகவே தீர்ப்பளித்திருக்கிறது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் ஒரே பிரெஸ்பிட்டேரியன் போதகர் 16 ஆண்டுகளாக, மாதம் 319.75 டாலர் அரசு ஊதியத்தில் ஜெபித்து வந்தார். அதை எதிர்த்து வழக்காடிய எர்னி சேம்பர்ஸ் அதே சட்டமன்றத்தின் உறுப்பினர். 1983இல் ஆறு நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் மூவர் ஆதரவாகவும் நின்றனர். 1789இல் முதல் நாடாளுமன்றம் போதகர்களுக்கு ஊதியம் வழங்க இசைந்து, மூன்றே நாள் கழித்து, அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற விதி அடங்கிய உரிமைச் சட்டத் திருத்தங்களின் வாசகத்தையும் இறுதி செய்தது. அவர்களுக்கே முரணாகத் தெரியாதது நமக்கு எப்படி முரணாகும் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் அடிப்படை.

ஆனால், பிற மதங்களை இழிவுபடுத்தவோ ஆள் சேர்க்கவோ இந்த வாய்ப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொன்னது. யூத உறுப்பினர் ஒருவர் முறையிட்டதும் அந்தப் போதகர் 1980க்குப் பிறகு கிறிஸ்துவின் பெயரைத் தவிர்த்துவிட்டார் என்ற செய்தியும் அதில் இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுச் சண்டை இங்கிருந்துதான் பிறந்தது. 2005இல் இந்தியானா கீழவையில் ஜெபிக்க வந்த போதகர் இயேசுவைப் பற்றிய பாடலொன்றை அவையோரோடு சேர்ந்து பாடத் தொடங்க, சில உறுப்பினர்கள் எழுந்து வெளியேறினார்கள். அவ்வாண்டே ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அவையின் அதிகாரபூர்வ ஜெபத்தில் கிறிஸ்துவின் பெயர் கூடாது என்றது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரி செலுத்துவோர் என்ற முறையில் மட்டும் வழக்காட மனுதாரர்களுக்குத் தகுதியில்லை என்று கூறி, மூலக் கேள்வியைத் தொடாமலே அத்தீர்ப்பை நீக்கியது.

2014இல் உச்ச நீதிமன்றம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு சொன்னது. நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊரில் 1999 முதல் 2007 வரை மன்றக் கூட்டங்களில் ஜெபித்தவர் ஒவ்வொருவரும் கிறிஸ்தவரே. ஒரு யூதப் பெண்ணும் ஒரு நாத்திகப் பெண்ணும் தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஊரே வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, எந்தச் சொல் பொதுவானது, எந்தச் சொல் மதப் பிரிவுக்குரியது என்று நீதிபதிகள் தரம் பிரித்தால் அரசாங்கமே ஜெபத்தைத் திருத்தி எழுதும் நிலை வரும் என்றார். அந்த ஒரு வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. இயேசுவின் பெயரைச் சொல்வது தவறு என்று நானும் கருதவில்லை.

நான் உடன்படாதது வேறிடத்தில். மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் தமக்குள் ஜெபித்துக்கொள்கிறார்கள். பார்வையாளர் மாடத்தில் இருப்பவருக்கு அதில் வேலையில்லை. ஊர் மன்றத்துக்கோ, மனை அனுமதிக்கும் போக்குவரத்துக் குறைக்கும் குடிமகன் நேரில் மனுவோடு வருகிறான். ஜெபிப்பவர் அவனைப் பார்த்தே எழுந்து நிற்கச் சொல்கிறார்; எழாதவன் யார் என்பதை, சற்று நேரத்தில் அவன் மனுவைத் தீர்மானிக்கப்போகிறவர்கள் கவனித்துவிடுகிறார்கள். கிரீஸ் வழக்கில் நீதிபதி கேகன் தம் மாறுபட்ட தீர்ப்பில் அழுத்திச் சொன்னது இதைத்தான். 'வெளியே போய் நிற்கலாமே' என்கிறீர்கள். வெளியே போனாலும் அவன் அடையாளம் தெரிந்துவிடும், உள்ளே உட்கார்ந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

வட கரோலினாவின் ரோவன் மாவட்டத்தில் போதகர்கூட இல்லை. மன்ற உறுப்பினர்களே முறைவைத்து ஜெபித்தார்கள், அவற்றில் 97 விழுக்காடு கிறிஸ்தவ ஜெபங்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு மிச்சிகனின் ஜாக்சன் மாவட்டத்தில் ஏறத்தாழ இதே வழக்கத்தை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. இரண்டையும் விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் மறுத்துவிட்டதால், ஒரே அரசமைப்புச் சட்டம் எல்லைக்கு எல்லை வேறு பொருள் தந்துகொண்டிருக்கிறது.

பெரும்பான்மை என்ற வாதத்துக்கும் ஒரு சொல். 2007 ஜூலை 12 அன்று அமெரிக்க மேலவையில் முதன்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை ஒலித்தபோது, மாடத்திலிருந்து கூச்சலிட்ட மூவரைக் காவலர்கள் கைது செய்தார்கள். கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் இது எதற்கு என்பதே அவர்கள் ஆத்திரத்தின் சாரம். உங்கள் வாதத்தை ஏற்றால் அன்று வெளியே போய் நின்றிருக்க வேண்டியவர் அந்த இந்து மதகுருதான். அதையும் ஏற்கிறீர்களா?