குருதியில் மிதக்கும் டி.என்.ஏ எந்த உறுப்பினுடையது?

கேள்வி: ஒரு குழாய்க் குருதியை வைத்தே எந்த உறுப்பில் நோய் என்று கண்டுபிடிக்கலாம் என வெளிநாட்டிலுள்ள மகன் சொல்கிறான். எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ தானே இருக்கிறது? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, குருதியில் டி.என்.ஏ மிதக்கிறது என்பது 1948இலேயே அறியப்பட்டது. இறக்கும் கலங்கள் தமது டி.என்.ஏயைச் சிறு துண்டுகளாகக் குருதியில் விடுகின்றன. பெரும்பாலான துண்டுகள் ஏறத்தாழ 167 எழுத்து (டி.என்.ஏயின் அடிப்படை அலகு) நீளமானவை. சில மணி நேரத்தில் அழிந்துவிடும். எழுத்து வரிசை எல்லா உறுப்புக்கும் ஒன்றே. ஆனால் அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் மெதைல் என்னும் நுண்ணிய இரசாயனக் குறிகள் ஈரலுக்கு ஒருவிதமாகவும் இதயத்துக்கு வேறுவிதமாகவும் அமைந்திருப்பதால், காட்டில் கலந்து மேயும் மாட்டின் குறிசுட்ட இடத்தைப் பார்த்து அது யாருடைய பட்டி என்று நம்மவர் சொல்வதுபோல, துண்டின் பிறப்பிடத்தை ஆய்வுகூடத்தில் கணிக்க முடிகிறது.

சுகதேகியிடம் இத்துண்டுகளில் பெரும்பகுதி குருதிக் கலங்களுடையதே. ஈரலின் பங்கு வழமையை மீறினால் அங்கே கலங்கள் கூடுதலாக அழிகின்றன என்று பொருள். காரணம் புற்றுநோயா, அழற்சியா என்பதை அந்தக் குறி மட்டும் சொல்லாது. தொடக்கநிலைக் கட்டி விடும் துண்டுகள் மிகச் சொற்பமாதலால் தவறிப்போகவும் கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண குழாயில் எடுத்த குருதியைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றி அதன் நீர்ப்பகுதியான திரவவிழையத்தைப் (பிளாஸ்மா) பிரிக்காவிட்டால், வெண்கலங்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ எல்லாவற்றையும் மூடிவிடும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புவரை வெயிலில் குலுங்கிச் செல்லும் பயணத்துக்குக் கலங்களை உடையாமல் காக்கும் சிறப்புக் குழாயே ஏற்றது.

வைத்தியர் இழையத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால், இதை நம்பி அதைத் தயவுசெய்து பிற்போடாதீர்கள்.