மெஸ் பில் முதல் நிப்பட்டு வரை: விடுதி வாசகர்களின் கேள்விகள்

கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் எழுதிய கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஐந்து ஆண்டுகள் விடுதி மாணவனாகவும் பின்னர் ஒன்பது ஆண்டுகள் ஆண்கள் விடுதியொன்றின் துணைக் காப்பாளராகவும் இருந்தவன் என்பதைத் தவிர, இதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

கேள்வி: என் மகள் சென்னையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கல் மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் மெஸ் பில் குறைவதற்குப் பதிலாக வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருக்கிறது. கேட்டால், "டிவைடிங் சிஸ்டம், அப்படித்தான் வரும்" என்று சொல்கிறார்களாம். சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் வாங்குகிறார்களா?
(ஒரு தாய், விருத்தாசலம்)

பதில்: டிவைடிங் சிஸ்டத்தில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே விலை கிடையாது. மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, அந்த மாதத்தில் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட மொத்த நாள்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கண்டுபிடிப்பார்கள். அதை அவரவர் இருந்த நாள்களால் பெருக்குவதுதான் பில். லாபம் வைக்க இடமில்லாத, யோசித்துப் பார்த்தால் மிக நியாயமான ஏற்பாடு இது. சிக்கல் என்னவென்றால், செலவில் ஒரு பகுதி சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையோடு குறையும், இன்னொரு பகுதி குறையாது. காய்கறியும் பாலும் ஆள் குறைந்தால் குறையும்; சமையற்காரர்களின் சம்பளம் குறையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதியில் 300 பேர், மாதம் 30 நாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாள் சாமான் செலவு 75 ரூபாய். சம்பளம் முதலிய நிலையான செலவு மாதத்துக்கு 1,80,000 ரூபாய். எல்லோரும் முழு மாதமும் இருந்தால் மொத்தம் 9,000 சாப்பாட்டு நாள்கள். செலவு 8,55,000 ரூபாய். நாளொன்றுக்கு 95 ரூபாய் விழும். பொங்கலுக்குப் பலரும் ஊருக்குப் போய் அது 6,000 நாள்களாகக் குறைந்தால், செலவு 6,30,000 ரூபாயாக இறங்கினாலும் நாளொன்றுக்கு 105 ரூபாய் ஆகிவிடும். உங்கள் மகள் இருந்த 18 நாள்களுக்கு 1,710 ரூபாய்தான் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். 1,890 ரூபாய் வரும். அந்த 180 ரூபாயில் யாருடைய தவறும் இல்லை.

ஆனால் வழக்கமான 2,850 ரூபாயையும் தாண்டி வந்திருக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். ஊருக்குப் போகும் முன் ரிடக்ஷன் (சாப்பிடாத நாள்களைக் கழிக்கும்படியான கோரிக்கை) எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும், குறைந்தது இத்தனை நாள்கள் தொடர்ந்து இல்லாவிட்டால்தான் கழிவு உண்டு என்பதும் ஏறத்தாழ எல்லா விடுதிகளிலும் உள்ள விதி. அதை எழுதிக் கொடுக்காமலோ, கொடுத்தும் பதிவேட்டில் ஏறாமலோ போயிருந்தால், 30 நாள்களுக்கும் 105 ரூபாய் வீதம் 3,150 ரூபாய் போட்டிருப்பார்கள். உங்கள் மகளை மெஸ் அலுவலகத்துக்குப் போய் ரிடக்ஷன் பதிவேட்டில் தன் அறை எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவு விடுபட்டிருந்தால் அடுத்த மாத பில்லில் கழித்துத் தரும்படி எழுதிக் கொடுக்கலாம்.

அப்படியே இன்னொன்றையும் பார்த்து வரட்டும்: மாதக் கடைசியில் சாமான் அறையில் மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெயை அந்த மாதச் செலவிலிருந்து கழித்திருக்கிறார்களா என்பது. நான் மாணவனாக இருந்தபோது மெஸ் செக்ரட்டரியாக இருந்த ஓர் ஏப்ரல் மாதத்தில் பில் திடீரென்று ஏறிவிட்டது. எல்லோரும் என்னைத் திருடன் போலப் பார்த்தார்கள். கடைசியில் நாங்கள் நான்கு பேர் சாமான் அறைக்குள் போய் எண்ணியபோது, கதவுக்குப் பின்னால் காலிச் சாக்குகளுக்கு அடியில் பிரிக்காத எண்ணெய் டின்கள் பன்னிரண்டு இருந்தன. இருப்புக் கணக்கில் அவற்றை எழுத மறந்துவிட்டோம். அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று சமையல் மேற்பார்வையாளர் சமாதானம் சொன்னார். ஆனால் அடுத்த மாதம் அந்த எண்ணெயில் பொரித்த அப்பளத்தைச் சாப்பிட இறுதியாண்டு மாணவர்கள் அங்கே இருக்கமாட்டார்களே! பில்லைத் திருத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கேள்வி: குளிர்காலத்தில் குளிப்பதற்காக அறையில் இம்மர்ஷன் ராடு வைத்திருந்தோம். வார்டன் சோதனைக்கு வந்து எடுத்துச் சென்றுவிட்டார். இது எங்கள் உரிமையில் தலையிடுவது ஆகாதா?
(நான்கு மாணவர்கள், கோயம்புத்தூர்)

பதில்: ஆகாது. 1,500 வாட் ராடு ஒன்று நம் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் செல்போன் சார்ஜருக்கும் என்று போட்ட பழைய ஒயரிங்கில், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, ஒரே வரிசையில் நான்கு அறைகளில் காலை ஆறு மணிக்கு ராடு போட்டால் என்ன ஆகும் என்று பொறியியல் மாணவர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தளத்துக்கு ஒரு கீசரோ மொட்டைமாடியில் சூரிய வெந்நீர் அமைப்போ வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அறைக்கு ஒருவர் கையெழுத்திட்டு அதை எழுதிக் கொடுங்கள். ராடைத் திருப்பிக் கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: முதலாண்டு மாணவன். இரவு பத்து மணிக்கு மேல் சீனியர்கள் தங்கள் அறைக்குக் கூப்பிட்டு "இன்ட்ரோ" கொடுக்கச் சொல்கிறார்கள். பாடச் சொல்வது, தலைகுனிந்து நிற்கச் சொல்வது, அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை எழுதச் சொல்வது, இவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை. இதையும் ராகிங் என்று சொல்லலாமா? சொன்னால் நான்கு ஆண்டுகள் அவர்களோடுதானே இருக்க வேண்டும்?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: "இவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "எந்த ஊர், எந்தப் பள்ளி?" என்று கேட்பது அறிமுகம். இரவில் வரவழைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தலைகுனிய வைப்பது அறிமுகம் ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வெளியிட்ட ராகிங் தடுப்பு விதிகளில், புதிய மாணவரைக் கொண்டு தங்கள் படிப்பு வேலைகளைச் செய்து வாங்குவதும் ராகிங் என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. உங்களுடைய ரெக்கார்டு நோட்டு அதற்குள் அடங்கும்.

அடி விழுந்த பிறகுதான் ராகிங் என்று நினைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. சேர்க்கையின்போது நீங்களும் உங்கள் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருப்பீர்கள். உங்களை நிற்க வைக்கும் அந்த சீனியர்களும் அதில் கையெழுத்திட்டவர்கள்தான். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம். உங்கள் சார்பில் பெற்றோரோ நண்பரோ பேசினாலும் போதும்.

நான்கு ஆண்டுகள் சேர்ந்து இருக்க வேண்டுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. துணைக் காப்பாளராக நான் கண்டதைச் சொல்கிறேன்: தனியாக ஒருவர் வந்து சொன்னபோது சீனியர்கள் அவரை அடையாளம் கண்டு ஒதுக்கினார்கள், ஒரு வரிசையில் இருந்த பதினொரு முதலாண்டு மாணவர்கள் ஒன்றாக வந்து, தேதியும் நேரமும் அறை எண்ணும் எழுதிய ஒரே தாளில் கையெழுத்திட்டபோது யாரை ஒதுக்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று இரவே உங்கள் வரிசையில் இருப்பவர்களிடம் பேசுங்கள். அந்த அறைக்குப் போய் வந்தவர் நீங்கள் மட்டுமல்ல என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வளாகத்தில் நூலகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. பெண்கள் விடுதிக் கதவை 7 மணிக்கு மூடிவிடுகிறார்கள். ஆண்களுக்கு 10 மணி. கேட்டால், "உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்கிறார்கள்.
(முதுகலை மாணவி, மதுரை)

பதில்: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளே சொல்கின்றன. நிர்வாகத்துக்கு எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். அதோடு, நூலகத்திலிருந்து விடுதி வரை எத்தனை விளக்குக் கம்பங்களில் விளக்கு எரியவில்லை என்று எண்ணி அதையும் சேர்த்து எழுதுங்கள். பாதுகாப்பு என்பது உண்மையான கவலையாக இருந்தால் முதலில் பல்பு மாற்ற வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எங்கள் ஆண்கள் விடுதியில் நள்ளிரவில் சுவர் ஏறிக் குதித்தவர்களிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, தேநீரும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அதே வளாகத்தின் பெண்கள் விடுதியில் பத்து நிமிடம் தாமதித்த மாணவியின் வீட்டுக்குத் தொலைபேசி போகும். ஒன்பது ஆண்டுகளில் ஒரு காப்பாளர் கூட்டத்திலும் நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

கேள்வி: என் ரூம்மேட் நள்ளிரவு ஒரு மணி வரை வீடியோ காலில் பேசுகிறாள். நான் ஐந்து மணிக்கு எழுந்து படிப்பவள். சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது?
(இளங்கலை மாணவி, திருச்சி)

பதில்: இரவு ஒரு மணிக்குச் சொல்லாதீர்கள், அப்போது எதைச் சொன்னாலும் சண்டைதான். மாலையில் தேநீர் குடிக்கும்போது, பதினொரு மணிக்கு மேல் வராந்தாவில் பேச முடியுமா என்று கேளுங்கள். அவரும் உங்களிடம் ஒன்று கேட்பார், தயாராக இருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அடிக்கும் உங்கள் அலாரத்தை அணைக்கும் முன் நீங்கள் எத்தனை முறை அடிக்க விடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கேள்வி: தருமபுரி பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் பொறியியல் சேர்ந்திருக்கிறேன். அறையில் மற்ற மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அம்மா கொடுத்தனுப்பிய நிப்பட்டை (தட்டையை) அவர்கள் முன் பிரிக்கவே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் தூங்கிய பிறகு தின்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போய்விடுகிறேன். படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
(முதலாண்டு மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இருட்டில், சத்தம் வராமல், நிப்பட்டைக் கடித்துத் தின்பது எளிய காரியமில்லை.

முதலில் ஊருக்குப் போவதைப் பற்றி. வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் விடியற்காலை சென்னையில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு முதல் வகுப்பில் உட்காருகிறவருக்கு எந்த மொழியில் பாடம் நடத்தினாலும் புரியாது. மாதம் நான்கு முறை போய் வந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் 1,000 ரூபாய் பேருந்துக் கட்டணத்துக்கே போதாது. அதைவிட முக்கியமானது வேறொன்று. விடுதியில் பழக்கம் உண்டாவது சனி, ஞாயிறுகளில்தான்: துணி துவைத்துக் கொடியில் காயப்போடும்போதும், மெஸ்ஸில் பூரிக்கு வரிசையில் நிற்கும்போதும், யாரோ ஒருவருடைய லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர் கிரிக்கெட் பார்க்கும்போதும். அந்த இரண்டு நாள்களும் நீங்கள் அங்கே இருப்பதே இல்லை. அதனால்தான் திங்கட்கிழமை வரும்போது மற்றவர்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களாகவும் நீங்கள் மட்டும் புதியவராகவும் தெரிகிறீர்கள். அடுத்தடுத்து மூன்று வாரங்கள் போகாமல் இருந்து பாருங்கள். நான்காவது வாரம் தாராளமாகப் போய் வாருங்கள்.

ஆங்கிலம் வரும், நாளைக்கே வராது. வகுப்பில் புரியாததை அன்றைக்கே பாடநூலில் தேடி, பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விடுதியில் உங்களைப் போலவே தமிழ் வழியில் படித்து வந்த ஒரு மாணவர், முதல் மூன்று வாரங்கள் யாரோடும் பேசவில்லை. முதல் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவு நான் சுற்றி வந்தபோது அவர் அறையில் மட்டும் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அணிகள் (மேட்ரிக்ஸ்) கணக்கைத் தமிழில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்; ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்பது உங்களுக்கு உரிமையாக வந்தது. அதற்காக யாரிடமும் கூச வேண்டியதில்லை. படிப்பை விடுவதைப் பற்றி இரண்டாம் செமஸ்டர் முடிந்த பிறகு மறுபடியும் எழுதுங்கள், அப்போது பேசுவோம். இப்போதைக்கு, நான்காவது வாரம் ஊருக்குப் போகும்போது அறையில் நான்கு பேர் இருப்பதாக அம்மாவிடம் சொல்லி, அதற்கேற்ற அளவில் நிப்பட்டு வாங்கி வாருங்கள். விளக்கை அணைக்கும் முன்பே பிரியுங்கள்.