இசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பு ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கால் மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. இசிஜி எடுத்ததில் ‘நார்மல்’ என்று வந்தது. ஆனாலும் டாக்டர், 24 மணி நேரம் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிகிற ‘ஹோல்டர்’ கருவியை மாட்டிப் பார்க்கச் சொல்கிறார். நார்மல் என்ற பிறகு அது எதற்கு? – ஒரு வாசகி, துறையூர்

பதில்: மாட்டிவிடுங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் 29 வருடம் இசிஜி எடுத்தவன். அப்பாவின் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்தே சொல்கிறேன்.

பொடிப் பொடியாகக் கட்டங்கள் தெரிகிறதா? ஒரு பொடிக் கட்டம் 1 மில்லிமீட்டர். தாள் வழக்கமாக விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும், அதனால் அந்தக் கட்டம் 0.04 விநாடி. ஐந்து சேர்ந்தால் தடித்த கோடு போட்ட பெரிய கட்டம், 0.2 விநாடி. உயரமான ஒரு கூரிலிருந்து அடுத்த கூர் வரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணுங்கள். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். நாலு கட்டம் என்றால் 75.

கூருக்கு முன்னால் சின்ன மேடு இருக்கும். அது ‘பி’ அலை, இதயத்தின் மேலறைகளில் மின்சாரம் பரவுகிற நேரம். கூர் கீழறைகளுடையது. பின்னால் வரும் ‘டி’ மேடு, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகிற நேரம். இந்த எழுத்துகளை வைத்தவர் நெதர்லாந்தின் ஐன்தோவன். இசிஜிக்காக 1924-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் காலத்தில் இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் விட்டு உட்கார வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாளில் இருப்பது வெறும் 10 விநாடி. அப்பாவின் இதயம் அதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவை துடித்திருக்கும். ஒரு நாளில் துடிப்பதோ ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை. படபடப்பு இல்லாதபோது எடுத்த தாள் அந்த 10 விநாடிக்குத்தான் சாட்சி.

ஒரு அம்மா வருவார், களை எடுக்கிற கை. “நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு அடிச்சுக்குது தம்பி” என்பார். மூன்று தடவை எடுத்தேன், மூன்றும் நார்மல். வீட்டில் “சும்மா சொல்லுது” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது தடவை, எடுத்து முடித்து வாசல் வரை போனவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்து மறுபடி போட்டேன். இரண்டு பெரிய கட்டத்துக்குள்ளேயே அடுத்த கூர், 190 துடிப்பு! அந்தத் தாளைப் பார்த்து அவர் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் வீட்டில் நம்பினார்கள்.

அப்பாவின் வயதில் டாக்டர் முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது. அதில் ‘பி’ மேடே இருக்காது, கோடு நடுங்கும். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மாதிரி கூர்கள் ஒரு தாளமில்லாமல் விழும். மேலறை ஒழுங்காகச் சுருங்காததால் இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு இது வந்து வந்து போகும், அதனால்தான் 24 மணி நேரப் பதிவு. அதிலும் சிக்காவிட்டால் இன்னும் பல நாள் மாட்டச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள்.

கருவி மாட்டியிருக்கும்போது குளிக்க வேண்டாம். மற்றபடி அப்பா எப்போதும் போல நடக்கட்டும், கடைக்குப் போகட்டும். படபடப்பு வந்தால் எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, வியர்வை, மயக்கம் சேர்ந்து வந்தால் கருவியையெல்லாம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: பழைய இசிஜி தாள் மங்கிக்கொண்டே வருகிறது. லேமினேட் செய்து வைக்கலாமா? – ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டவே வேண்டாம்! அது சூடு பட்டால் கறுக்கிற தாள், லேமினேட் இயந்திரத்தில் விட்டால் முழுதும் கறுத்துவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். போனிலும் ஒரு படம். புது இசிஜியில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் டாக்டர் முதலில் கேட்பது “பழையது இருக்கா?” என்றுதான்.