எதிர்நடை போடும் நிலா

கேள்வி: சனிக்கிரகத்தின் நிலா ஒன்று, சனி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறதாமே, ஏன்? (வாசகர், தேனி)

பதில்: ஒன்றா? ஒரு கூட்டமே இருக்கிறது! அதில் பெரியது ஃபீபி. குறுக்களவு சுமார் 213 கிலோமீட்டர். சனியோடு கூடப்பிறந்ததில்லை, எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்டது என்கிறார்கள். அதனால்தான் இந்த எதிர்நடை. ஒரு சுற்றுக்குச் சுமார் 550 நாள்.

1899-இல் வானியலாளர் பிக்கரிங் இதைக் கண்டுபிடித்தது பெரு நாட்டில் எடுத்த புகைப்படத் தகடுகளில். புகைப்படத்தின் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிலா இதுவே.

நிறமோ, எங்கள் வெந்நீர் அடுப்புக் கரிதான். 2004 ஜூனில் காசினி விண்கலம் அருகில் போய் எடுத்த படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பள்ளங்களின் சரிவில் வெள்ளைக் கீற்றுகள் தெரியும். பனிக்கட்டி! கரியெல்லாம் மேற்பூச்சு.