கால் மாத்திரைகூடக் கூடாது!

கேள்வி: பூனை நேற்றிலிருந்து சோர்ந்து படுத்திருக்கிறது. காது சுடுகிறது, மூக்கு காய்ந்திருக்கிறது. நாம் போடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. குழந்தைகளுக்கான சிரப்பும் கூடாது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தேங்கிய மருந்து நச்சாகி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும்; ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாய்க்கு ஐபுபுரூஃபன் கொடுப்பவர்களுக்கும் இதே பதில்தான்: இரைப்பையில் புண், அடுத்து சிறுநீரகம்.

அது காய்ச்சல்தானா என்பதே இன்னும் தெரியவில்லையே! வெயிலில் படுத்து எழுந்தாலும் காது சுடும். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாஸலின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் ஒன்றிரண்டு செ.மீ. மெதுவாகச் செலுத்துங்கள். நுனி குடல் சுவரை ஒட்டி நிற்கட்டும். மலத்துக்குள் குத்திக்கொண்டால் அளவு குறைவாகக் காட்டும். நாய்க்கும் பூனைக்கும் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்கு 101 காய்ச்சல். அவற்றுக்கு அது ஆரோக்கியம். 103-ஐத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். 105-ஐத் தொட்டாலோ 99-க்குக் கீழே இறங்கினாலோ அவசரம். தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத பூனையை மருத்துவர் பார்த்தாக வேண்டும். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படியும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரமே.

கேள்வி: மருத்துவர் எழுதித் தந்த டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பூனை துப்பிவிடுகிறது.

பதில்: தலை மட்டும் வெளியே தெரியும்படி துண்டில் சுற்றுங்கள். ஒரு கையால் கன்ன எலும்புகளைப் பிடித்து மூக்கை மேல்நோக்கித் தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மறுகையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தி, மாத்திரையை நாக்கின் பின்மேட்டில் போடுங்கள். நாக்கு நுனியில் விழுவதைத்தான் அது துப்புகிறது. வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள்; மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது.

வேலை அதோடு முடியவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் வைத்து 5-6 மி.லி. தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பூனையின் உணவுக்குழாயில் வறண்ட மாத்திரை நிமிடக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும். டாக்சிசைக்ளின் அந்த இடத்தை அரித்துவிடும். ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கிவிட்டால், பிறகு கெட்டி உணவு எதுவும் உள்ளே இறங்காது.

கேள்வி: நாய் காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டது. தண்ணீர் வைக்கலாமா?

பதில்: கிண்ணம் நிறைய வைத்தால் மொத்தத்தையும் குடித்து, வயிறு விரிந்து, மறுபடி கக்கும். ஒரு மணி நேரம் விட்டு, அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 2-3 மி.லி. போதும். அதுவும் தங்காவிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். இடையில் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும், தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுத்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது. தடுப்பூசி போடாத குட்டி என்றால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம், இத்தனை சோதனைக்கு நேரமில்லை. வயிறு உப்பி, எதுவும் வராமல் ஓங்கரிக்கும் பெரிய நாய்க்கும் அப்படியே, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கலா?

பதில்: சிறுநீர் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். அடிவயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.